சரிவில் மட்டும் நிற்கும் பெக்கோ

அத்தியாயம் 9

இருமவில்லை. திணறவில்லை. கடைசியாக ஒரு வாய் புகைகூடத் தள்ளவில்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டதுபோல, மண் அள்ளும் இயந்திரமான பெக்கோ நின்றுபோனது.

போன வெள்ளிக்கிழமை நடந்தது அதுதான். புதிதாக வெட்டும் குளத்தின் சரிவில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றபோது எஞ்சின் செத்தது. ஈரக் களியில் மெல்லச் சறுக்கத் தொடங்கிய பெக்கோ, அதை ஓட்டிய முபாறக்கையும் சுமந்துகொண்டு குழியின் அடிவரை போய் ஒருபக்கம் சாய்ந்தது. கதவு திறபடவில்லை. பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டுதான் அவன் வெளியே வந்தான். வலது முழங்கையில் இன்னும் கட்டு இருக்கிறது. பெக்கோவைச் சங்கிலி போட்டு இழுத்து வளவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

காயம் மாறிவிடும். அவன் முகம்தான் மாறவில்லை.

"இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ளை உது ஒழுங்கா வேலை செய்யவேணும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் அவன் தகப்பன் மீராசாகிபு. "இல்லாட்டி லொறியிலை ஏத்துவம். வவுனியாவிலை ஆரும் எடுக்கட்டும். நாங்களும் திரும்பப் புத்தளத்துக்கே போவம். பிள்ளையைக் குடுத்துக் குளம் வெட்ட எனக்கு ஏலாது."

யுத்த காலத்தில் விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு அகதியாய்ப் போனவர், தண்ணீரூற்றுக்கு உள்ளேயுள்ள இந்தக் காணிக்குத் திரும்பி வந்ததே பெரிய பாடு. அவருடைய இரண்டு மகன்களும் புத்தளத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு இது வாப்பாவின் கதையில் மட்டும் இருந்த ஊர். மாரிக்கு முன் குளம் வெட்டினால் வயல் விளையும். வயல் விளைந்தால் இங்கேயே இருக்கலாம். அதை நம்பித்தான் ஜப்பானில் ஓடித் தேய்ந்த அந்தப் பழைய பெக்கோவைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இப்போது அதை ஏற்றிக்கொண்டு போக நீண்ட லொறி ஒன்று வந்து மருதமரத்தின் கீழ் நிற்கிறது.

லொறிச் சாரதி குகதாசன் புதுக்குடியிருப்பு ஆள். லொறிக்குள்ளேயே கதிரையைப் பின்னுக்குச் சரித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், மூத்தவன் றஸ்மியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன தம்பி, பெட்டி என்ன சொல்லுது?"

றஸ்மி வவுனியாவில் ஒரு வேலைத்தளத்தில் இருக்கிறான். நோய்வாய்ப்பட்ட இயந்திரங்களுக்கு ஸ்கேனர் பூட்டி, எந்த சென்சர் பொய் சொல்கிறது என்று பிடிப்பதுதான் அவன் தொழில். லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறான். கையில் ஸ்கேனரும் நெற்றியில் எண்ணெய்க் கறையுமாக எட்டிப் பார்த்தான்.

"அதையேதான் சொல்லுது அண்ணை. எஞ்சின் சுத்துறது தெரியேல்லையாம்."

"சுத்துறவருக்கே தான் சுத்துறது தெரியேல்லையோ? என்ரை மச்சான் ஒருத்தரும் கள்ளுத் தவறணையாலை வரேக்கை அப்பிடித்தான்."

றஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கு ஒரு சென்சர் இருக்கண்ணை. எஞ்சின் சுத்தச் சுத்த அது எண்ணிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி ஒருக்கா அறுந்தாப் போதும், கொம்பியூட்டர் டீசலை வெட்டிப்போடும். அதுதான் சத்தமில்லாமல் சாகுது."

"அப்ப சென்சரை மாத்தும்."

"மாத்தியாச்சு. பேந்தும் மாத்தியாச்சு. வயருக்கு மீற்றர் பிடிச்சும் பார்த்தாச்சு. எல்லாம் சுகம். வளவுக்குள்ளை விட்டால் நாள் முழுக்க ஓடுது. குளத்தடிக்குப் போனால்தான்..."

அவன் முடிக்கவில்லை. குகதாசன் கோப்பையைக் கீழே வைத்தார். இப்போது அவர் குரலில் பகிடி இல்லை.

"கோவியாதையும் தம்பி. நீங்கள் இல்லாத காலத்திலை இஞ்சாலை எத்தினை சனம் வந்தது, எத்தினை போனது. உந்த நிலத்துக்கை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? சில இடம் தோண்ட விடாது."

"மிசினுக்கு அதெல்லாம் தெரியாதண்ணை."

"தெரியாமலோ அங்கை மட்டும் நிக்குது?"

றஸ்மி ஸ்கேனரை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

முபாறக் சற்றுத் தள்ளி, மாட்டுப்பட்டியின் கட்டையில் சாய்ந்தபடி நின்றான். றஸ்மி அவனிடம் போனான்.

"தம்பி, நிக்கிறதுக்கு முன்னம் ஏதும் சத்தம் கேக்கிறதோ?"

"முன்னம் இல்லை நானா," அண்ணனைப் பார்க்காமலே சொன்னான் முபாறக். "பிறகுதான்."

"பிறகோ?"

"நிண்டாப் பிறகு தட்டுது. டிக்... டிக்... எண்டு. கீழை இருந்து."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் றஸ்மிக்குப் பின்கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தன் தொழிலை நினைத்துக்கொண்டான்.

"விசரா. எஞ்சின் நிண்டால் சூடான இரும்பு ஆறும். ஆறேக்கை அப்பிடித்தான் சத்தம் போடும். எந்த மிசினும் போடும்."

"ஓம்," என்றான் முபாறக். நம்பினானா என்று தெரியவில்லை.

"இன்னொண்டு கேக்கிறன். நிக்கேக்கை மிசின்ரை மூக்கு எப்பிடி இருக்கும்?"

"கவிழ்ந்துதான் இருக்கும். சரிவெல்லோ."

"ஒவ்வொரு தரமுமோ?"

முபாறக்கின் கண்கள் ஒரு கணம் குளத்தின் பக்கம் போய் வந்தன. "ஓம்."

றஸ்மி அப்படியே நின்றான். இடம், இடம் என்று எல்லோரும் சொன்னதில் அவனும் இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தான். குளத்தடியில் நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, கவிழும்போது நிற்கிறது என்று வைத்துக்கொண்டால்?

"குளத்துக்குப் போகத் தேவையில்லை," என்றான். "இஞ்சையே ஒரு சரிவு செய்வம்."

மாட்டுப்பட்டிக்குப் பின்னால், குளத்தில் வெட்டி எடுத்த மண்ணைக் கும்பியாகக் குவித்திருந்தார்கள். றஸ்மி தானே பெக்கோவில் ஏறினான். முபாறக் தடுக்கவுமில்லை, கூட ஏறவுமில்லை. கும்பியின் மேலே ஏற்றி, மறுபக்கம் மூக்கைக் கவிழ்த்தான். பக்கற்றை மண்ணில் ஊன்றினான். சறுக்கினாலும் விழாது.

எஞ்சின் உறுமியது. ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம்.

மீராசாகிபு பட்டியடியில் வந்து நின்றார். குகதாசனும் இறங்கி வந்தார். குசினி வாசலில், அடுப்பை விட்டு வந்த தாய் ஜொஹறா, முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

சட்டென்று அமைதி.

மாடுகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பெக்கோவின் திரையில் மட்டும் சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பிறகு, டிக்... டிக்... ஆறும் இரும்பு.

றஸ்மி கூண்டுக்குள்ளிருந்து கத்தினான். "பார்த்தீங்களோ வாப்பா? இஞ்சையும் நிக்குது! நிலத்திலை ஒண்டுமில்லை. மிசினிலைதான் பிழை!"

"பேய் மிசினோடையே கூட வந்திட்டுதெண்டும் சொல்லலாம் தம்பி," என்றார் குகதாசன்.

"நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை."

அவன் பெக்கோவை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் பிழை ஒளிந்துகொள்ளும் என்று இப்போது தெரியும். கவிழ்ந்தபடியே வைத்துவிட்டு, பின்பக்கம் ஏறி எஞ்சின் மூடியைத் திறந்தான். சென்சரை மாற்றுவதற்குக் கீழால்தான் கைவிட வேண்டும். மேலால் வருகிற வயர்க்கட்டின் பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. அவனும் பார்த்திருக்கவில்லை. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே நுழைத்தான்.

ஏதோ மின்னியது.

கறுப்பு நூலில், சின்னவிரல் அளவில், ஒரு செப்புத் தாயத்து.

வயர்க்கட்டின் மேல்பக்கம் முடிந்து தொங்கவிட்டிருந்தது. பெக்கோ நேராக நிற்கும்போது அது சும்மா காற்றில் தொங்கும். மூக்குக் கவிழ்ந்தால் முன்னுக்கு ஆடிப்போய், பழைய வயர்களில் தோல் வெடித்துச் செம்பு தெரிகிற இடத்தில் சாயும். சென்சரின் சேதி அங்கேயே செத்துவிடும்.

இவ்வளவுதான்.

றஸ்மி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாயத்தை அவனுக்குத் தெரியும். முபாறக் கைக்குழந்தையாக இருந்தபோது, ஓயாத காய்ச்சலுக்காக, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில் அவன் அரையில் கட்டியது அது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். முபாறக்கே கடித்து நசுக்கியது. அதை அலுமாரிக்குள் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

அவன் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தான். உம்மா இன்னும் முக்காட்டைக் கடித்தபடி நின்றார்.

நூலை அறுத்தான். தாயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"வயர் வெடிச்சுக் கிடந்தது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "கவிழேக்கை ஒண்டோடை ஒண்டு தொடுது. வேறையொண்டுமில்லை."

வெடித்த இடங்களுக்கு உறை போட்டுச் சுற்றி, வயர்க்கட்டை இழுத்துக் கட்டினான். மறுபடி இயக்கினான். கவிழ்த்தான். நிமிர்த்தினான். இன்னும் கூடக் கவிழ்த்தான். எஞ்சின் நிற்கவே இல்லை. வெயில் மரத்தின் மறுபக்கம் போகும்வரை ஓடவிட்டார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மீராசாகிபு. ஒரு முறை அல்ல. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லோரும் காணாததுபோல் இருந்தார்கள். "லொறிக்காரத் தம்பி, குறை நினையாதேங்கோ. சும்மா வரச் சொல்லிப்போட்டன். சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"மிசின் ஓடினாப் போதும் ஐயா. சோறு எண்டால் நான் வெறும் லொறியோடையும் வருவன்."

எல்லோரும் சிரித்தார்கள். முபாறக்கைத் தவிர.

"என்னடா, சந்தோஷமில்லையோ? பிழை பிடிபட்டிட்டுது," என்று றஸ்மி அவன் தோளில் தட்டினான்.

"நிக்காதோ நானா இனி?"

"நிக்காது."

"குளத்தடியிலையும்?"

"எங்கையும் நிக்காது."

முபாறக் தலையாட்டினான். தண்டனை சொல்லப்பட்ட ஆளைப்போல பெக்கோவில் ஏறிக் குளத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான்.

*

மத்தியான ளுஹர் தொழுது, குகதாசனுக்குச் சோறு போட்டு, வீடு ஓய்ந்தபிறகு றஸ்மி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். குளத்திலிருந்து எஞ்சின் சத்தம் ஒரே சீராக வந்தது. அவனுக்கு அது பாட்டுப்போல இருந்தது.

"மகன்."

உம்மா பின்னால் நின்றார். மிக மெல்லிய குரல்.

"நீ மிசினுக்குள்ளை வேறையொண்டும் காணேல்லையோ?"

றஸ்மி சவர்க்காரத்தை வைத்துவிட்டுத் திரும்பினான். பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. பையிலிருந்து தாயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

ஜொஹறா அதைத் தொடவில்லை.

"இதாலையோ?"

"வயரும் பழசும்மா. வயர் நல்லாயிருந்தால் இது ஒண்டும் செய்திராது."

"இதாலையோ எண்டுதான் கேட்டனான்."

"...ஓம்மா."

ஜொஹறா கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டார். "அவனைக் காக்க எண்டு கட்டினது. நானே அவனைக் குழிக்குள்ளை தள்ளியிருக்கிறன்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. வாப்பாவுக்கும் சொல்லமாட்டன். முடிஞ்சு போச்சு."

"மிசினுக்கு ஓதித் தண்ணி தெளிக்க எண்டு ஏறினனான். அப்பதான் கட்டினனான். அவன் வந்து, 'உம்மா, குளத்தடியிலை மிசின் தானா நிண்டிட்டுது' எண்டு சொல்லிப்போட்டு, அண்டைக்குச் சோறும் தின்னேல்லை. முகமெல்லாம் சாம்பல் மாதிரி. எனக்கு மனம் கேக்கேல்லை. அடுத்தநாள் விடியக் கொண்டுபோய்..."

அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். றஸ்மி கேட்கவில்லை. கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உம்மா. பொறுங்கோ. முதல் தரம் நிண்டது எப்ப?"

"அதைத்தானே சொல்லுறன். நிண்ட பிறகுதான் கட்டினனான்."

"கட்ட முன்னமே நிண்டதோ?"

"ஓம். நிண்டபடியாலைதானே கட்டினது."

செப்புத் தாயத்து அவன் உள்ளங்கையில் கனத்தது. அன்று வயர்க்கட்டின் பின்னால் எதுவும் தொங்கவில்லை. வெடித்த வயரில் சாய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அப்படியென்றால் அன்று அந்த எஞ்சினை நிறுத்தியது எது?

அவன் வாயைத் திறந்தான்.

குளத்துப் பக்கம் எஞ்சின் நின்றது.

இருமவில்லை. திணறவில்லை.

இருவரும் அசையாமல் காது கொடுத்தார்கள். திரும்ப எஞ்சினை எழுப்பத் திறப்பைத் திருகும் சத்தம் வரும். வரவேண்டும். வரவில்லை. எங்கோ ஒரு ஆட்காட்டிக் குருவி மட்டும் கத்தியது.

முதலில் ஓடியது ஜொஹறாதான்.

பெக்கோ சரிவில் நின்றது. மூக்குக் கவிழ்ந்தபடி. பக்கற் களிக்குள் புதைந்திருந்தது. கூண்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"முபாறக்!"

டிக்... டிக்... என்றது இரும்பு. றஸ்மி சறுக்கிச் சறுக்கிக் கீழே இறங்கினான். பக்கற்றைச் சுற்றி வந்தபோதுதான் தம்பியைக் கண்டான். வெட்டிய மண்சுவருக்கு முன்னால் குந்தியிருந்தான். கையிரண்டும் முழங்கைவரை களி.

"நிண்டிட்டுதோடா?"

"இல்லை நானா." முபாறக் திரும்பவில்லை. "நிக்கும், நிக்கும் எண்டு பார்த்துக்கொண்டே வெட்டினன். இண்டைக்கு நிக்கவே இல்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

"ஏன்?"

"முதல் தரமும் நான்தான்."

அப்போதுதான் றஸ்மி மண்சுவரைப் பார்த்தான். களிக்குள்ளிருந்து இரும்புப் பற்கள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தங்கள் பக்கற்றின் பற்கள் என்று முதலில் நினைத்தான். தங்களுடைய பக்கற் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. இது வேறு. அதன் பின்னால் மடங்கிய இரும்புக் கை. அதற்கும் பின்னால், முபாறக் கையால் துடைத்துவிட்ட இடத்தில், ஒரு கண்ணாடி.

நிலத்துக்கு அடியில் இன்னொரு பெக்கோ நின்றது. தங்களைப் பார்த்தபடி.

"அண்டைக்கு உந்தப் பல்லும் கண்ணாடியின்ரை ஒரு மூலையும்தான் தெரிஞ்சது," என்றான் முபாறக். "மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு, மிசின் தானா நிண்டதெண்டு பொய் சொன்னன். சொன்னால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், காணியைச் சுத்தி நாடா கட்டுவினம். வாப்பா இன்னொருக்கா எழும்பிப் போகவேண்டி வரும். வேறை இடத்திலை வெட்டுவம் எண்டு கேட்டன், நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. பேந்து மிசின் உண்மையாவே நிக்கத் தொடங்கிச்சுது. நான் சொன்ன பொய்யைக் கீழை இருந்து ஆரோ கேட்டிட்டினம் எண்டு நினைச்சன் நானா."

றஸ்மியின் கைக்குள் தாயத்து இருந்தது. தம்பி சொன்ன பொய்யால் உம்மா கட்டியது. உம்மா கட்டியதால் அந்தப் பொய்யே மெய்யானது. அதை இப்போது சொல்ல நேரமில்லை. அவன் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்தான். முதலில் தன் முகமே தெரிந்தது. பிறகு உட்புறம் தெரிந்தது, ஆசனத்தில் சரிந்தபடி ஒரு மனித உருவம். வெளியே இத்தனை மண். உள்ளே ஒரு பிடி மண்கூடப் போகவில்லை.

"கதவைப் பாருங்கோ," என்றான் முபாறக். "நான் எப்பிடிக் கிடந்தன் அண்டைக்கு? எனக்குக் கதவு திறபடேல்லை. இது அப்பிடியில்லை. உள்ளுக்கு இருந்த ஆளே உள்ளுக்காலை கொழுக்கி போட்டிருக்கு."

மேலே, வரம்பில் காலடிச் சத்தம்.

"என்ன மகன்?" மீராசாகிபுவின் குரல். அதில் ஏற்கனவே எல்லாம் உடைந்திருந்தது. "பேந்தும் நிண்டிட்டுதோ?"

சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓம் வாப்பா, நிண்டிட்டுது என்று சொன்னால் போதும். லொறி இன்னும் போகவில்லை. பெக்கோ ஏறிப்போகும். மழை வந்து இந்தக் குழியை மூடிவிடும். ஒருவருக்கும் தெரியாது. றஸ்மியின் நாக்கில் அந்தச் சொல் வந்து நின்றது.

ஓட்டத்தில் பின்தங்கிய ஜொஹறா களிக்குள் முழங்கால் புதைய வந்து சேர்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். றஸ்மியின் விரல்களைப் பிரித்துத் தாயத்தை எடுத்தார். அதைக் கண்ணாடியின் கீழ், துடைத்த மண்ணின் மேல் வைத்தார்.

"இதுக்குள்ளை இருக்கிறதும் ஆரோ ஒருத்தி பெத்த பிள்ளை," என்றார்.

பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ! மிசின் நிக்கேல்லை. பிள்ளைதான் நிப்பாட்டினவன். இறங்கி வாங்கோ. லொறிக்காரத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டாக்கள் மட்டும் பார்த்தால் போதாது, சாட்சிக்கு வெளியாளும் வேணும்."

குழிக்குள் மறுபடி அந்தச் சத்தம். டிக்... டிக்...

"எங்கடை மிசின் ஆறுற சத்தம்தானே நானா?"

"ஓம்," என்றான் றஸ்மி.

ஆனால் அவன் காது கண்ணாடிப் பக்கமே இருந்தது.